வீடா, சானடோரியமா? 1959 மெட்ராஸ் காசநோய் ஆய்வும் அதன் கடைசி வரியும்

சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் நிற்கும். அந்த ஸ்டேஷனின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர் அது. தினமும் அந்தப் பெயரைக் கடந்து போகிறவர்களில் பலருக்கு சானடோரியம் என்றால் என்னவென்று இன்று தெரியாது. அப்படி மறந்துபோனதற்கு ஒரு காரணம் சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வு.

சானடோரியம் என்றால் ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, நல்ல காற்று வரும் நீளமான வராந்தா. நேரத்துக்குச் சத்தான சாப்பாடு. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் படுக்கை ஓய்வு. கிருமியைக் கொல்லும் மருந்து வருவதற்கு முன் காசநோய்க்கு இதுதான் வைத்தியம். நோய் உள்ள நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக நெஞ்சுக்குள் காற்றை ஏற்றி அதைச் சுருங்க வைப்பதும் உண்டு.

அந்தப் படுக்கை தேவைதானா? இந்தக் கேள்விக்கு மெட்ராஸ் சொன்ன பதில் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் 1959இல் வெளியானது. 21ஆம் தொகுதி, 51ஆம் பக்கத்தில் தொடங்கி 144ஆம் பக்கத்தில் முடியும் ஒரே கட்டுரை. 1948 முதல் வந்துகொண்டிருக்கும் அந்த இதழ், ஓர் ஆய்வுக்கு 94 பக்கம் ஒதுக்கியது.

அந்தக் கட்டுரையின் முடிவுரையைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: ஓய்வு, உணவு, செவிலியர் கவனிப்பு, கண்ணெதிரே மருந்து கொடுப்பது எனச் சானடோரியத்துக்கு வெளிப்படையான வசதிகள் இருந்தும், வீட்டில் வைத்தே மருந்து கொடுக்கும் சிகிச்சை அதற்கு ஒப்பாகவே இருக்கிறது, ஆகவே பெரும்பான்மை நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்துவது பொருத்தம், அதற்குப் போதுமான சேவை அமைக்கப்பட்டால்.

‘வீட்டிலேயே குணப்படுத்தலாம்’ என்ற பகுதி நாடு நாடாகப் போய்ச் சேர்ந்தது. ‘போதுமான சேவை’, ‘பெரும்பான்மை’ என்ற இரண்டும் வழியிலேயே தங்கிவிட்டன. நான் எழுத நினைத்தது அந்த இரண்டையும் பற்றித்தான்.

கேள்வி எங்கிருந்து வந்தது

1948இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு வெளியானது. மொத்தம் 107 பேர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் இறந்தவர்கள் 4, இரண்டாவதில் 14. மருந்து வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி பழகிப்போய் அதை எதிர்க்கத் தொடங்கிவிடும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதனால்தான் பாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மருந்தைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1952இல் ஐசோநயசிட் வந்தது. விலை குறைவு, மாத்திரையாகவே விழுங்கலாம்.

வசதியான நாடுகளில் இந்த மருந்துகளும் சானடோரியத்துக்குள்தான் கொடுக்கப்பட்டன. படுக்கை ஏற்கெனவே இருந்தது, கூடவே மருந்தும் வந்தது, அவ்வளவுதான். இந்தியாவில் கணக்கு வேறு. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், காசநோய் பெரிய நகரங்களின் நோய் என்ற எண்ணமே பொய்த்தது. கிராமத்திலும் ஏறக்குறைய அதே அளவுக்கு நோய் இருந்தது. நோயாளிகள் பல லட்சம் பேர், படுக்கைகளோ அதில் மிகச் சிறு பகுதிக்கே. எல்லோருக்கும் சானடோரியம் கட்டி முடிப்பதற்குள் ஒரு தலைமுறையே போய்விடும்.

சரி, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன? மூன்று அச்சங்கள் இருந்தன. சாப்பாடும் ஓய்வும் இல்லாத குடிசையில் மருந்து வேலை செய்யுமா? பார்க்க ஆளில்லாத இடத்தில் ஒரு வருடம் விடாமல் விழுங்குவார்களா? வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா? மூன்றுமே நியாயமான அச்சங்கள். யூகத்தை வைத்து இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால், விளைவை அனுபவிப்பவர்கள் ஏழைகளாகத்தான் இருந்திருப்பார்கள்.

1956இல் மெட்ராஸில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம். முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அதே மையம்தான்.

193 பேர்

மெட்ராஸ் நகரின் மிக ஏழ்மையான பகுதிகளிலிருந்து, சளியில் கிருமி உள்ள 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஐசோநயசிட்டும் பாஸும், ஒரு வருடம்.

சுலபமாக விழுங்கிவிட்டுப் போகிற மருந்து இல்லை இது. பாஸ் ஒரு நாளைக்குப் பல கிராம் உள்ளே போக வேண்டும். அரிசி மாவால் செய்த மெல்லிய உறைக்குள் பொடியை அடைத்துக் கொடுப்பார்கள். நாக்கில் நனைத்து ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். வயிற்றைப் புரட்டும், சிலருக்கு வாந்தி வரும், வயிற்றுப்போக்கும் உண்டு. அதுவும் ஒரு வேளை இரண்டு வேளை இல்லை, 365 நாள். முதல் இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிட்ட ஒருவர் மீதிப் பத்து மாதமும் இதை விழுங்க என்ன காரணம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த இடத்தில்தான் மையத்து ஆட்களின் உழைப்பு தெரிகிறது. நோயாளி குறிப்பிட்ட நாளில் வந்து மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் வீடு தேடிப் போவார்கள். அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். வீட்டில் மீதி எத்தனை உறை இருக்கிறது என்று எண்ணுவார்கள். அங்கேயே சிறுநீர் வாங்கி வருவார்கள். அதில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தால், பாஸ் உடம்புக்குள் போயிருந்தால் நிறம் மாறும். போயிருக்காவிட்டால் மாறாது. ‘ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் டாக்டர்’ என்ற வாய்வார்த்தையை மட்டும் நம்பிக் கட்டுரை எழுதவில்லை.

ஒருவரின் வீட்டுக்குள் நுழைந்து மருந்தை எண்ணுவதும் சிறுநீர் கேட்பதும் கூச்சமான வேலை. தெருவே பார்த்துக்கொண்டிருக்கும். டி.பி. என்ற பேச்சு வெளியே வந்தால் பெண்ணுக்குச் சம்பந்தம் நின்றுபோகும், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். இதையெல்லாம் சமாளித்து, ஒரு வருடம் முழுக்க அந்த வீட்டுக்காரர்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தால்தான் இப்படி ஒரு பதிவேடு கிடைக்கும். கட்டுரையின் அட்டவணைகளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது இந்தக் களப்பணியாளர்களின் நடை.

ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கி, சளியில் கிருமி இல்லாமல் போயிருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் சற்று வேகமாகத் தேறினார்கள் என்பதையும் கட்டுரை மறைக்கவில்லை. ஆனால் தொடக்கத்தில் வீட்டுக் குழுவினரின் நோய் நிலை சற்று மோசமாகவே அமைந்திருந்தது. குலுக்கலில் அப்படி நடப்பதுண்டு. ஒரு பக்கத்துக்கு நூறு பேர்கூட இல்லாத ஆய்வில் ஆறு சதவீதம் என்பது ஐந்தாறு மனிதர்கள். படுக்கை இல்லாதவர்கள் தோற்றுப்போவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில், பசியும் நெருக்கடியும் உள்ள வீடுகளில் இருந்தவர்கள் இத்தனை அருகில் வந்து நின்றார்கள்.

பிள்ளைகளுக்கு ஒட்டியதா

ஒரு தாயோ தகப்பனோ கேட்கும் முதல் கேள்வி இதுதான். அதற்கான பதில் அதே இதழில் 1960இல் தனிக் கட்டுரையாக வந்தது. இரண்டு குழுக்களின் குடும்பத்தினரையும் எக்ஸ்ரே, தோல் சோதனை எல்லாம் செய்து தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில், சானடோரியம் போனவர்களின் குடும்பங்களைவிட நோய் கூடுதலாக வரவில்லை.

முதலில் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் காரணம் தெளிவு. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளுக்கு முன்பே அவர் பல மாதங்களாக அதே அறையில் இருமிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தொற்ற வேண்டிய தொற்று பெரும்பாலும் அப்போதே நடந்துவிட்டது. சரியான மருந்து தொடங்கியபின் அவரிடமிருந்து பரவுவது சீக்கிரமே குறைந்துவிடுகிறது. ஆக, நோயாளியைப் பிரித்து அனுப்பும் நாள் வருவதற்குள் பிரிப்பதால் கிடைக்கும் பலன் போய்விடுகிறது.

இந்தப் பதிலின் மதிப்பைப் புள்ளிவிவரத்தோடு நிறுத்த எனக்கு மனமில்லை. காசநோய் வந்த மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது, தனித் தட்டு தனித் தம்ளர், திண்ணையோடு நிறுத்திவிடுவது, இதெல்லாம் நம் வீடுகளில் நடந்தவை, இன்னும் அங்கங்கே நடப்பவை. மருந்து ஒழுங்காகப் போகிற வீட்டில் அந்தப் பிரிவினைக்கு மருத்துவக் காரணம் இல்லை என்று, நம் ஊர் குடும்பங்களை வைத்தே 1960இல் எழுதி வைத்துவிட்டார்கள்.

ஐந்து வருடம் கழித்து நோயாளிகளையும் குடும்பத்தினரையும் திரும்பப் பார்த்த முடிவுகள் 1966இல் அதே புல்லட்டினில் வந்தன. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். குடும்பத்தினரிடமும் அப்படித்தான். நீண்ட காலம் நிலைத்து வரும் இதழ் ஒன்று இருப்பதன் பயன் இங்கே தெரிகிறது. 1959இல் கேட்ட கேள்விக்கு 1966 வரை ஒரே இடத்தில் பதில் வந்துகொண்டிருந்தது. முதல் முடிவு நன்றாக இருக்கிறது என்று அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

‘போதுமான சேவை’

1959இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் வந்தது. 1962இல் நாடு தழுவிய காசநோய்த் திட்டம் தொடங்கியது. சானடோரியம் கட்டுவதை நம்பாமல், பொது மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நோயைக் கண்டுபிடித்து மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் திட்டம். மெட்ராஸ் ஆய்வு இல்லாமல் இப்படி ஒரு திட்டத்தைத் துணிந்து போட்டிருக்க முடியாது.

ஆனால் திட்டத்தோடு போனது மருந்து மட்டும். வீட்டு வாசலில் வந்து நின்ற ஆள் போகவில்லை. எண்ணியவர் போகவில்லை, ஃபெரிக் குளோரைடு புட்டி போகவில்லை. பல இடங்களில் மருந்தே முழுதாகப் போய்ச் சேரவில்லை. 1992இல் திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, சிகிச்சையை முடித்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை என்று தெரிந்தது. நடுவில் விட்ட ஒவ்வொருவரும் திரும்ப நோயாளியாக வருவார், சிலர் மருந்துக்கு அடங்காத கிருமியோடு வருவார்கள்.

இதைப் பார்த்து ‘ஏழைகள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள்’ என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது கோபம் வரவைக்கும் வாதம். 1950களின் மெட்ராஸில், வயிற்றைப் புரட்டும் பாஸை ஒரு வருடம் விழுங்கி 86 சதவீதம் தேறியவர்களும் ஏழைகள்தான். அவர்களுக்குப் பின்னால் ஓர் அமைப்பு நின்றது. 1962க்குப் பிறகு வந்தவர்களுக்குப் பின்னால் அப்படி எதுவும் நிற்கவில்லை.

மையத்தில் இருந்தவர்களுக்கு இது முன்பே தெரியும். 1964இல் அவர்கள் அதே இதழில் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் நோயாளி வந்து, கண்ணெதிரே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோநயசிட்டும் எடுத்துக்கொள்வது. தினமும் வீட்டில் தானாக விழுங்குவதற்கு இது குறைந்தபட்சம் சமம் என்று காட்டினார்கள். மருந்து எடுப்பதை ஒருவர் பார்த்திருக்க வேண்டும் என்ற இந்த எண்ணம்தான் பிற்காலத்தில் டாட்ஸ் என்ற பெயரில் உலகமெங்கும் போனது. இந்தியாவில் 1993இல் சோதனையாகவும் 1997 முதல் பெரிய அளவிலும் வந்தது. சென்னையில் கண்டுபிடித்தது சென்னைக்குத் திரும்பி வர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

சாப்பாடு முக்கியமில்லையா

இந்த வரிசையில் 1961இல் வந்த உணவுக் கட்டுரையைத்தான் நாம் மிக மோசமாகப் படித்திருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

அதில் இரண்டு குழுவினரும் என்ன சாப்பிட்டார்கள் என்று அளந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு ஆண்டு முழுவதும் கலோரி குறைவு, புரதம் குறைவு, கொழுப்பு குறைவு, வைட்டமின்கள் குறைவு. எடையும் சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கு ஏறவில்லை. ஆனாலும் நோய் அடங்குவதில் உணவால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் அது விடுதலை தரும் செய்தி. முட்டையும் பாலும் வாங்க வழியில்லாதவருக்கும் மருந்து வேலை செய்யும் என்று சொன்ன செய்தி. ‘சத்தான ஆகாரம் கொடுங்கள், இல்லாவிட்டால் பிழைக்க மாட்டார்’ என்று கேட்டுக் கடன் வாங்கிய குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசியுங்கள்.

பின்னால் வந்தவர்கள் அதை ‘காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை’ என்று சுருக்கிவிட்டார்கள். கட்டுரை கேட்ட கேள்வி அது இல்லை. சரியான மருந்தும் கண்காணிப்பும் கிடைக்கிற நோயாளிக்கு, ஒரு வருடத்தில் கிருமி போக நல்ல உணவு கட்டாயமா என்பதே கேள்வி. பசியோடு இருக்கும் உடம்புக்கு நோய் எவ்வளவு சுலபமாக வருகிறது, மிக மெலிந்தவர் முதல் இரண்டு மாதத்தைத் தாண்டுகிறாரா, வீட்டில் கூட இருப்பவருக்கு உணவு கொடுத்தால் நோய் தடுக்கப்படுமா, இவற்றையெல்லாம் அந்த ஆய்வு கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அதிலிருந்து பதில் எடுத்துக்கொண்டோம்.

அந்தக் கேள்விகளைக் கேட்ட ஆய்வு 2023 ஆகஸ்டில் வெளியானது. ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு. சென்னையின் அதே காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அதில் பங்கு உண்டு. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களில் ஒரு பிரிவினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கூடவே சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம் குறைவு. நோயாளிகளிடமோ, முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியிருந்தால் இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது.

அரிசியும் பருப்பும்தான். புது மருந்து எதுவும் இல்லை. 1961 கட்டுரையை இது பொய்யாக்கவும் இல்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் முரண்பாடே தெரியாது. மருந்து கிருமியை வெல்கிறது. அதுவரை உயிரைத் தாங்கிப்பிடிக்கவும் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையைக் காக்கவும் சோறு வேண்டும். காசநோயாளிகளுக்கான உணவு உதவியாக 2018இல் அரசு மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆனது. நோயாளிக்கு அது போதுமா என்பது ஒரு பக்கம். ரேஷன்ஸ் ஆய்வின் பெரிய செய்தி அவருடைய வீட்டில் இருப்பவர்களின் தட்டைப் பற்றியது. அதற்கான சேவை எப்படி இருக்க வேண்டும் என்று இனிமேல்தான் நாம் பேச வேண்டும்.

‘பெரும்பான்மை’

கட்டுரை ‘எல்லா நோயாளிகளையும்’ என்று எழுதவில்லை. பெரும்பான்மை என்றால் ஒரு சிறுபான்மை மிச்சம் இருக்கிறது. மூச்சு வாங்குகிறவர்கள், எழுந்து நிற்க முடியாத அளவுக்கு மெலிந்தவர்கள். வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை கொடுப்பது வழக்கமாகிவிட்ட பின், இவர்களுக்கும் மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது பழகிவிட்டது. காசநோயில் இறப்பவர்களில் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறக்கிறார்கள்.

இதற்குத் தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் ஒரு முயற்சி தொடங்கியது. பெயர் ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்’. நோய் உறுதியானதும் அரசு மருத்துவ நிலையத்தில் சில விஷயங்களைப் பார்க்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறதா. 14க்கு மேலிருந்தும் 16ஐத் தாண்டாமல், இரண்டு காலும் வீங்கியிருக்கிறதா. நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழே காட்டுகிறதா. யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஸ்கேன் வேண்டாம், பெரிய லேப் வேண்டாம். எடை மெஷின், உயரம் அளக்கும் குச்சி, கடிகாரம், விரல் கருவி, அப்புறம் ‘கொஞ்சம் எழுந்து நில்லுங்கம்மா’ என்று சொல்ல ஒரு செவிலியர்.

இவற்றில் ஒன்றில் சிக்கினாலும் அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. மேற்கொண்டு பரிசோதித்து, தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்ப்பவருக்குப் படுக்கை, சாப்பாடு, செவிலியர் கவனிப்பு, கண்ணெதிரே மருந்து எல்லாம் கிடைக்க வேண்டும். சானடோரியத்தின் வசதிகள் என்று 1959 கட்டுரை எழுதிய அதே நான்கு.